தொலைந்த படங்கள்: 'ஃபிளேமிங் யூத்' (1923) – மிஞ்சியிருப்பது ஒரே ஒரு ரீல்

பதிவு 1 – ரீல்பெட்டி

வணக்கம் நண்பர்களே. போன வாரம் 'எல்லா சிண்டர்ஸ்' (1926) பார்த்தேன். கொலீன் மூர் நடித்த மௌனப்படம். அதில் ஒரு காட்சி. சினிமாவில் சேர ஆசைப்படும் அந்தப் பெண், நடிப்புக் கலை பற்றிய புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு கண்களை அசைக்கப் பயிற்சி எடுக்கிறாள். திடீரென்று ஒரு கண் ஒரு பக்கமும் மறு கண் வேறு பக்கமும் தனித்தனியே ஓடத் தொடங்குகின்றன. முகத்தைப் பாதி பாதியாகப் படம்பிடித்துச் செய்த கேமரா வித்தை அது. ஆனால் எனக்குப் பிடித்தது வித்தை இல்லை. அவ்வளவு நடக்கும்போதும் அந்தப் பெண் முகத்தில் இருக்கும் சிரத்தை. சிரிப்பு மூட்டுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி அதைச் செய்கிறாள். அந்த இடத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.

அப்புறம்தான் இவரைப் பெரிய நட்சத்திரமாக்கிய படத்தைத் தேடினேன். 'ஃபிளேமிங் யூத்'. பற்றி எரியும் இளமை என்று சொல்லலாம். ஃபர்ஸ்ட் நேஷனல் நிறுவனம் 1923 நவம்பரில் வெளியிட்டது. இயக்கம் ஜான் பிரான்சிஸ் டில்லன். மொத்தம் ஒன்பது ரீல். இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருப்பது ஒரே ஒரு ரீல். பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. மீதி எட்டும் போய்விட்டன.

கதை சுருக்கமாக. ஃபென்ட்ரிஸ் என்று ஒரு பணக்காரக் குடும்பம். விருந்து, குடி, ஆட்டம் என்றே வாழ்ந்த தாய் மோனா சாகும் தறுவாயில், குடும்ப மருத்துவரிடம் ஒரு வாக்கு வாங்குகிறாள்: கடைக்குட்டி பெட்ரீஷியா தன்னைப் போல ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் பெட்ரீஷியா மனசைக் கொடுப்பது தாயின் பழைய காதலர் கேரி ஸ்காட்டிடம். நடுவில் ஓர் இசைக்கலைஞனை நம்பி உல்லாசப் படகில் போய், அவன் எண்ணம் தெரிந்ததும் கடலில் குதித்துத் தப்பிக்கிறாள். கடைசியில் கேரியிடமே வந்து சேர்கிறாள்.

சாவில் தொடங்குகிற கதை. ஆனால் அதன் நடுவில் நிற்பவர் கண்களை அப்படி உருட்டத் தெரிந்த நடிகை. அந்த இரண்டும் எப்படிச் சேர்ந்திருக்கும்? அதைத்தான் இந்த இழையில் பேச விரும்புகிறேன். இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே ஒரு காட்சியைத்தான் சொல்கிறார்கள்: இரவு விருந்தில் ஆடை களைந்து குளத்தில் குதிக்கிறவர்களை நிழலுருவமாகக் காட்டிய காட்சி. அன்றைய விளம்பரங்களும் அதை வைத்தே ஊரைக் கூட்டின. விளம்பரத் தாள் மிஞ்சியது, பரபரப்பு மிஞ்சியது. சிரிப்பு மிஞ்சவில்லை. என் வருத்தமே இதில்தான்.

பதிவு 2 – வைகைக்கரை

நல்ல இழை அண்ணா. மூல நாவல் பற்றி ஒரு செய்தி. அட்டையில் இருந்த பெயர் வார்னர் ஃபேபியன். அது புனைபெயர். எழுதியவர் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்ற பத்திரிகையாளர். 1905இல் 'காலியர்ஸ்' வார இதழில் போலி மருந்து வியாபாரிகளைக் கிழித்துத் தொடர் எழுதியவர் இவர்தான். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் உணவு, மருந்துக் கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்ததில் அந்தத் தொடருக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படிப்பட்டவர் இளம்பெண்களின் ஆசைகளைப் பற்றி வெளிப்படையாக எழுதும்போது சொந்தப் பெயரைப் போடவில்லை.

இவருடைய இன்னொரு சிறுகதைதான் 1934இல் 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' படமானது. அது பத்திரமாக இருக்கிறது. அதே கையிலிருந்து வந்த இந்தக் கதையின் படம் போய்விட்டது.

பதிவு 3 – கறுப்புவெள்ளை

ஒரு சின்ன மறுப்பு. ஒரு ரீல் இருக்கிறதென்றால் அது 'தொலைந்த படம்' இல்லையே? முழுமையற்ற படம் என்றுதானே சொல்ல வேண்டும்?

இன்னொன்று, பட்டியல்கள் பலவற்றில் இதை வெறும் 'டிராமா' என்றுதான் போட்டிருக்கிறார்கள். நீங்கள் சிரிப்பு, சிரிப்பு என்கிறீர்கள். பார்க்காத படத்தைப் பற்றி எப்படி அவ்வளவு உறுதி?

பதிவு 4 – ரீல்பெட்டி

இரண்டுமே நியாயமான கேள்விகள்.

முதலாவது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக டேவிட் பியர்ஸ் 2013இல் தயாரித்த ஆய்வில் இந்தப் பிரிவினை தெளிவாக இருக்கிறது. 1912 முதல் 1929 வரை வெளிவந்த அமெரிக்க மௌன முழுநீளப் படங்கள் 10,919. அவற்றில் முதலில் வெளியான அதே 35 மி.மீ. வடிவில் முழுதாக இருப்பவை 1,575. அதாவது 14 சதவீதம். வெளிநாட்டுப் பிரதியாகவோ, வீட்டில் ஓட்டும் சின்னச் சுருளாகவோ இருப்பவை இன்னொரு 11 சதவீதம். துண்டாகக் கிடப்பவை 5 சதவீதம். மீதி 70 சதவீதம் அடியோடு இல்லை. நம் படம் அந்த 5 சதவீதத்தில் வரும். கணக்குப்படி நீங்கள் சொல்வது சரி.

ஆனால் ஒரு கதையில் ஒன்பதில் ஒரு பங்கு இருந்தால் அந்தக் கதை இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. துணுக்கு இருக்கிறது, படம் இல்லை. அதனால்தான் தலைப்பில் அப்படி எழுதினேன்.

இரண்டாவது. எனக்கு உறுதி இல்லை, ஒரு கணிப்புதான். இந்தப் படம் வந்த அடுத்த ஆண்டே 'தி பர்ஃபெக்ட் ஃபிளாப்பர்' என்று (குட்டை முடியும் துடுக்குமாகத் திரிந்த 1920களின் நாகரிகப் பெண்தான் ஃபிளாப்பர்) அதே மாதிரிப் பெண்ணை வைத்து நகைச்சுவைப் படமே எடுத்தார்கள். மக்கள் பெட்ரீஷியாவிடம் ரசித்தது கவர்ச்சியை மட்டும் என்றால், கோமாளித்தனத்துக்குப் போகிற நடிகையை வைத்து அந்த வழியில் போயிருக்க மாட்டார்கள். வயதுக்கு மீறி நடக்க ஆசைப்பட்டுத் தடுமாறும் சிறுமியாகத்தான் அவர் அதைச் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். பெரியவள் வேஷம் போடும் குழந்தை. அது சிரிப்பும் தரும், வயிற்றையும் பிசையும்.

பதிவு 5 – ஆபரேட்டர்மகன்

தம்பிகளுக்கு வணக்கம். எனக்கு மூர் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் ரீல் பற்றித் தெரியும். என் அப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். நைட்ரேட் பிலிம் ஓட்டிய கடைசித் தலைமுறை.

அந்தப் பிலிம் செல்லுலோஸ் நைட்ரேட். வெடிமருந்துக்கு உறவுக்காரன். எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும். அதனால் தண்ணீரில் அமுக்கினாலும் அணையாது. ஆபரேட்டர் அறைக்குள் பீடி, தீப்பெட்டி எதுவும் வரக்கூடாது என்பது அப்பாவின் முதல் சட்டம். கோடக் கம்பெனி 1950களின் தொடக்கத்தில் அதை நிறுத்திவிட்டு எளிதில் தீப்பிடிக்காத பிலிமுக்கு மாறியது.

தீ ஒரு பக்கம். சும்மா டப்பாவில் இருந்தாலும் அது சாகும். முதலில் படம் மங்கும். அப்புறம் பிசுபிசுவென்று ஒட்டும். தேன் மாதிரி கசிந்து நுரைக்கும். பிறகு ஒரே கட்டியாகிவிடும். கடைசியில் டப்பாவைத் திறந்தால் பழுப்பு நிறப் பொடி. வெப்பமும் ஈரமும் இருந்தால் இன்னும் சீக்கிரம். அப்பா ஒரு டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடி வெளியே கொண்டுபோய் வைத்ததை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். அன்று முழுக்க அவர் சரியாகப் பேசவில்லை.

பதிவு 6 – வைகைக்கரை

ஐயா, உங்கள் பதிவைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தீ என்றதும் இரண்டு சம்பவங்கள் நினைவுக்கு வருகின்றன. 1937 ஜூலையில் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெரியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் பிலிம் கிடங்கு எரிந்தது. அந்த நிறுவனத்தின் மௌனப்படங்களில் பெரும்பகுதி அதோடு போனது. 1965இல் எம்ஜிஎம் கிடங்கில் தீ. 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' என்ற பேய்ப்படத்தின் கடைசிப் பிரதி அதில்தான் போனதாகச் சொல்வார்கள்.

தீயில்லாமல் மனிதர்களே அழித்ததும் உண்டு. 1927 அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' வந்து படங்கள் பேச ஆரம்பித்த பிறகு மௌனப்படத்தை வாங்க ஆளில்லை. பிலிமில் வெள்ளி இருக்கிறதே, உருக்கி எடுத்தார்கள். யுனிவர்சல் நிறுவனம் 1948இல் தன்னிடம் இருந்த மௌனப்படப் பிரதிகளைத் தானே அழித்தது. அன்றைக்கு அது அவர்களுக்குக் கிடங்கு வாடகைக் கணக்கு.

பதிவு 7 – மல்லிகைப்பந்தல்

மூருடைய படங்கள் போன விதம் இதைவிடக் கொடுமை. அவருக்குத் தன் படங்களின் அருமை தெரிந்திருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பல வருடங்கள் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது அவை சிதைந்துபோயிருந்தன. கொடுத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்திருப்பார். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

'சாலி' (1925) இல்லை. 'வீ மாடர்ன்ஸ்' (1925) இல்லை. எட்னா ஃபெர்பரின் புலிட்சர் பரிசு நாவலை வைத்து எடுத்த 'ஸோ பிக்' (1924) இல்லை. அந்தக் கடைசிப் படத்தில் இளம்பெண்ணிலிருந்து முதியவள் வரை நடித்தார். நகைச்சுவைக்காரி மட்டுமில்லை என்று காட்ட ஒரு நடிகைக்குக் கிடைத்த சாட்சி அது.

சிகாகோ அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் அவர் கட்டுவித்த பொம்மை மாளிகை இருக்கிறது. 1928இல் தொடங்கி ஏழு வருடம் கட்டினார்கள். ஏறக்குறைய ஐந்து லட்சம் டாலர் செலவு. பொருளாதார மந்தக் காலத்தில் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிக் குழந்தைகள் நலனுக்குப் பணம் திரட்டினார். உள்ளே விரல்நுனி அளவுப் புத்தகங்கள், நிஜ வைரம் பதித்த தொங்கு விளக்கு. ஒன்றும் கெடாமல் இருக்கிறது. என் அத்தை மகள் சிகாகோவில் இருக்கிறாள். அவளோடு போய் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது எனக்கு 'ஸோ பிக்' தான் ஞாபகம் வந்தது.

பதிவு 8 – நிழல்நிலா

புதியவள் நான். ஒரு சந்தேகம். அந்தக் குட்டை முடி, நெற்றியில் நேராக வெட்டிய முன்மயிர் என்றாலே எல்லோரும் நடிகை லூயிஸ் புரூக்ஸின் படத்தைத்தானே போடுகிறார்கள்? நான் அவர்தான் அதைத் தொடங்கிவைத்தவர் என்று நினைத்திருந்தேன். மூர் அதற்கு முன்பா?

பதிவு 9 – ரீல்பெட்டி

வாங்க நிழல்நிலா. இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்தேன்.

'ஃபிளேமிங் யூத்' வந்தது 1923. புரூக்ஸின் திரை வாழ்க்கை தொடங்கியது 1925இல். மூர் தன் சுயசரிதையில் சொல்வது: முதலில் இந்த வேடத்துக்கு அவரைப் பரிசோதிக்கக்கூடத் தயங்கினார்கள், நீளச் சுருள்முடியோடு பார்க்கப் பழங்காலப் பெண்ணாகத் தெரிந்தார். அம்மா கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிட்டார். படம் ஓடியதும் அமெரிக்கா முழுக்கப் பெண்கள் அந்த வெட்டைக் கேட்டு சலூனுக்குப் போனார்கள். தான் பற்றவைத்தது பொறி என்றால் கொலீன் மூர்தான் தீப்பந்தம் என்ற பொருளில் நாவலாசிரியர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் சொன்னதாக ஒரு வாசகம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. புகழின் உச்சத்தில் அவர் சம்பளம் வாரத்துக்கு 12,500 டாலர். புரூக்ஸ் அமெரிக்காவில் அந்த உயரத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

பிறகு ஏன் இன்று புரூக்ஸ் மட்டும்? அவர் பெர்லினுக்குப் போய் பாப்ஸ்ட் இயக்கத்தில் 'பண்டோராஸ் பாக்ஸ்' (1929) நடித்தார். அது பிழைத்தது. பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஆன்ரி லாங்லுவா, பாரிஸில் 1955இல் நடத்திய சினிமாக் கண்காட்சியில் புரூக்ஸின் பெரிய படத்தை வாசலில் வைத்தார். கார்போ இல்லை, டீட்ரிச் இல்லை, லூயிஸ் புரூக்ஸ் மட்டும்தான் என்று முழங்கினார். அவர் அப்படிச் சொல்ல முடிந்தது, போட்டுக் காட்ட ஒரு படம் கையில் இருந்ததால். மூருக்காக முழங்க ஒருவர் வந்திருந்தால்? எதைப் போட்டுக் காட்டியிருப்பார்?

எது பிழைத்ததோ அதை வைத்தே யார் பெரியவர் என்று முடிவு செய்துவிடுகிறோம். புரூக்ஸ் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் 1920களின் அமெரிக்கப் பெண் என்றதும் நம் மனதில் வருவது பெர்லினில் எடுத்த ஒரு துயரக் கதையின் முகம். அந்த வருடங்களில் அமெரிக்கப் பெண்கள் காசு கொடுத்துப் பார்த்துச் சிரித்து, தங்களையே கண்டுகொண்ட முகம் வேறு.

பதிவு 10 – கறுப்புவெள்ளை

இதில் ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். புரூக்ஸ் சின்ன வயதிலிருந்தே அந்த முடிவெட்டோடு இருந்தவர். மூரைப் பார்த்து வெட்டிக்கொண்டவர் இல்லை. நீங்கள் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் படிக்கிறவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளக்கூடும்.

அப்புறம் புரூக்ஸும் இழந்தவர்தான். 'தி அமெரிக்கன் வீனஸ்' (1926) படத்தில் மிஞ்சியிருப்பவை துண்டுகளும் முன்னோட்டமும் மட்டும். அவருடைய அமெரிக்கப் படங்கள் பலவற்றுக்கும் இதே கதி.

பதிவு 11 – ரீல்பெட்டி

திருத்தத்துக்கு நன்றி. மூர் அந்த முடியைக் கண்டுபிடிக்கவில்லை, பரப்பினார் என்பதே சரி. புரூக்ஸின் இழப்பைச் சொன்னதும் நல்லது. அங்கேயும் பாருங்கள், அவருடைய அமெரிக்க நகைச்சுவைப் படங்கள் பல போய், ஜெர்மன் சோகம் நின்றிருக்கிறது.

பதிவு 12 – திரைத்தச்சன்

'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' படத்தை 2002இல் புகைப்படங்களை வைத்தே ஒரு தொலைக்காட்சி மீட்டுருவாக்கம் செய்ததே. திரைக்கதையும் ஸ்டில்களும் இருந்தால் 'ஃபிளேமிங் யூத்'துக்கும் செய்யலாமே? இன்னும் ஒரு படி மேலே போய், இருக்கிற ஒரு ரீலைப் பயிற்சிக்குக் கொடுத்து, செயற்கை நுண்ணறிவை வைத்து மீதி எட்டையும் உருவாக்கலாம். நான் அந்தத் துறையில் வேலை செய்கிறேன், இது நடக்கக்கூடியதுதான்.

பதிவு 13 – ரீல்பெட்டி

ஸ்டில் வைத்துச் செய்ததை நான் மதிக்கிறேன். கதையின் போக்கு புரியும், உடை, அரங்கம், வெளிச்சம் எல்லாம் தெரியும். பேய்க்கதைக்கு அது ஓரளவு பொருந்தும், ஏனென்றால் அங்கே ஒரு முகத்தை உறையவைத்துக் காட்டினாலே பயம் வரும்.

சிரிப்புக்கு அது உதவாது. 'எல்லா சிண்டர்ஸ்' கண் காட்சிக்கே திரும்புகிறேன். அதன் ஸ்டில் ஒன்றைப் பார்த்தால் மாறுகண் வைத்த ஒரு பெண் தெரிவாள், அவ்வளவுதான். முதலில் ஒரு கண் நகர்வதும், அது நகர்ந்தது தெரியாமல் அவள் அடுத்த கண்ணுக்குத் தயாராவதும், நடுவில் ஒரு நொடி நிற்பதும்தான் சிரிப்பு. அந்த ஒரு நொடி எந்தத் திரைக்கதையிலும் எழுதியிருக்காது.

செயற்கை நுண்ணறிவு பற்றி. தம்பி, உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் நான் அறிய விரும்புவது, 1923இல் அந்த நடிகை அந்த இடத்தில் என்ன முடிவெடுத்தார் என்பதை. தாய் இறந்த வீட்டில் அவர் எங்கே சிரிக்க வைத்தார், எங்கே நிறுத்தினார்? இயந்திரம் ஒரு நல்ல விடையைத் தரலாம். அது மூரின் விடை ஆகாது. அதைவிட, அப்படி ஒன்று வந்துவிட்டால் தேடுகிறவர்கள் தேடுவதை நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும் எனக்கு உண்டு.

பதிவு 14 – திரைத்தச்சன்

தேடுவதை நிறுத்திவிடுவார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். சிதைந்த பிரேம்களைத் துடைத்துச் சீராக்குவதற்கு இதே தொழில்நுட்பம் உதவும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பதிவு 15 – மல்லிகைப்பந்தல்

ஓர் எச்சரிக்கை. சில வருடங்களுக்கு முன் இணையத்தில் ஒருவர் 'ஃபிளேமிங் யூத் முழுப்படம்' என்று டிவிடி விற்றார். ஆசையில் வாங்கிவிட்டேன். வந்ததில் இருந்தது வேறொரு படம், பெயர் அட்டைகூட வெட்டப்பட்டிருந்தது. முழுப்படம் என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

பதிவு 16 – நிழல்நிலா

அப்படியானால் இனிக் கிடைக்கவே வாய்ப்பில்லையா? எங்கே என்றுதான் தேடுவது?

பதிவு 17 – ரீல்பெட்டி

வாய்ப்பு இருக்கிறது. மூர் விஷயத்திலேயே நடந்திருக்கிறது. 'ஹெர் வைல்ட் ஓட்' (1927) தொலைந்த படம் என்றுதான் இருந்தது. செக் நாட்டுத் தேசியத் திரைப்படக் காப்பகத்தில் ஒரு பிரதி கிடைத்தது. வசன அட்டைகள் எல்லாம் செக் மொழியில். அவற்றை மறுபடி ஆங்கிலமாக்கிப் படத்தைச் சீராக்கினார்கள். 'வை பி குட்?' (1929) இன்னும் அழகான கதை. அது பேச்சில்லாமல் இசையும் ஓசையும் மட்டும் இசைத்தட்டில் சேர்த்து வெளியிட்ட படம். பிலிம் இத்தாலியில் கிடந்தது, இசைத்தட்டுகள் அமெரிக்காவில் இருந்தன. இரண்டையும் சேர்த்து 2014இல் மறுபடி திரையிட்டார்கள். எண்பத்தைந்து வருடம் கழித்துப் படமும் இசையும் ஒன்றாக ஓடின.

நகைச்சுவையும் உணர்ச்சியும் கலந்த இன்னொரு படம், ஜான் ஃபோர்டின் 'அப்ஸ்ட்ரீம்' (1927). நாடகக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியின் கதை. கத்தி எறிபவன், அவனுக்குக் குறியாக நிற்கும் பெண், குடும்பப் பெயரால் மட்டும் ஹாம்லெட் வேடம் கிடைத்து, பேர் வந்ததும் பழகியவர்களை மறந்துபோகும் நடிகன். ஃபோர்டின் மௌனப்படங்களில் பெரும்பாலானவை இல்லை. இது 2009இல் நியூசிலாந்துத் திரைப்படக் காப்பகத்தில் கிடைத்தது. அடுத்த ஆண்டு அங்கிருந்து எழுபத்தைந்து படங்கள் அளவில் பாதுகாப்பதற்காக அமெரிக்காவோடு ஒப்பந்தமானது.

பதிவு 18 – நிழல்நிலா

ஹாலிவுட்டில் எடுத்த படம் நியூசிலாந்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

பதிவு 19 – ஆபரேட்டர்மகன்

இதை நான் சொல்கிறேன் மகளே. நம் ஊரில் ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று சொல்வோம் இல்லையா? பெட்டி முதலில் நகரத்துக்குப் போகும். அங்கே ஓடித் தேய்ந்ததும் சின்ன ஊர். அப்புறம் கீற்றுக்கொட்டகை. எங்கள் கொட்டகைக்கு வரும்போது ரீலில் கீறல் மழையாகப் பெய்யும். அதற்கு அப்பால் போக ஊர் இல்லை.

மௌனப்பட காலத்தில் உலகத்துக்கே அப்படித்தான். நியூசிலாந்து, யூகான் மாதிரி இடங்கள் வரிசையின் கடைசி. அங்கே ஓடி முடித்த பெட்டியைத் திருப்பி அனுப்பக் கப்பல் கூலி தண்டம் என்று விட்டுவிடுவார்கள். சிலவற்றை எரித்திருப்பார்கள், சிலவற்றை அந்த ஊர் ஆபரேட்டர் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார். கனடாவின் யூகானில் டாசன் நகரத்தில் 1978இல் பழைய நீச்சல்குளம் இருந்த இடத்தைத் தோண்டும்போது ஐந்நூறுக்கு மேல் ரீல்கள் வெளியே வந்தன. குளத்தை மூடிப் பனிச்சறுக்கு மைதானம் ஆக்கும்போது மண்ணோடு மண்ணாகப் போட்டு நிரப்பியவை. உறைந்த மண்தான் காப்பாற்றியது.

அதனால் தேட வேண்டியது பெரிய ஊரில் இல்லை. பெட்டி கடைசியாக இறங்கிய ஊரில்.

பதிவு 20 – வைகைக்கரை

சி சென்டர் விளக்கம் அருமை ஐயா. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

நம் பக்கமும் ஒரு வார்த்தை. தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம் 'கீசக வதம்' இல்லை, முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' (1931) இல்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், இங்கே கலக்க வேண்டாம்.

பதிவு 21 – கறுப்புவெள்ளை

'பியாண்ட் த ராக்ஸ்' (1922) விஷயமும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளோரியா ஸ்வான்சனும் வாலண்டினோவும் சேர்ந்து நடித்த ஒரே படம். நெதர்லாந்தில் ஒரு சேகரிப்பாளர் இறந்த பிறகு காப்பகத்துக்கு வந்த ஏறக்குறைய இரண்டாயிரம் துருப்பிடித்த டப்பாக்களில் அது இருந்தது. ஒரே இடத்தில் இல்லை. ரீல்கள் பிரிந்து, வெவ்வேறு டப்பாவில். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தவர்கள்தான் அது எந்தப் படம் என்று அடையாளம் கண்டார்கள். பெட்டி கிடைத்தால் மட்டும் போதாது, உள்ளே இருப்பது எது என்று தெரிந்தவர் வேண்டும்.

பதிவு 22 – ரீல்பெட்டி

ஆமாம், அதுதான் நாமும் ஏதாவது செய்யக்கூடிய இடம் என்று நினைக்கிறேன்.

வர்ஜீனியாவின் கல்பெப்பர் ஊரில், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் படக் காப்பகத்தில் 2012இலிருந்து 'மோஸ்ட்லி லாஸ்ட்' என்று ஒரு கூடுகை நடத்தினார்கள். பெயர் தெரியாத துண்டுப் படங்களை அரங்கில் ஓட்டுவார்கள். மௌனமாக உட்கார்ந்து பார்க்கத் தேவையில்லை. தெரிந்ததைக் கத்திச் சொல்லலாம். ஒருவர் கார் எந்த வருட மாடல் என்பார், ஒருவர் பின்னால் தெரியும் தெருவைச் சொல்வார், இன்னொருவர் மூலையில் நிற்கும் துணை நடிகரை அடையாளம் காட்டுவார். அப்படியே பெயர் தெரியாமல் கிடந்த பல படங்களுக்குப் பெயர் கிடைத்தது. சில காப்பகங்கள் இப்படிப்பட்ட துண்டுகளின் பிரேம்களை இணையத்திலும் போட்டுக் கேட்கின்றன. வீட்டிலிருந்தே எழுதலாம்.

'ஃபிளேமிங் யூத்'தின் ஒரு ரீல் எங்காவது வேறு பெயரில், வேறு மொழி அட்டையோடு கிடக்கலாம். அந்த ரீலில் மூர் வராமலே இருக்கலாம். அதனால் மற்ற முகங்கள் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேரி ஸ்காட்டாக மில்டன் சில்ஸ். சிகாகோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துவிட்டு நடிக்க வந்தவர், 1930இல் போய்விட்டார். மருத்துவராக எலியட் டெக்ஸ்டர், இயக்குநர் டிமில் படங்களில் நிறைய வந்தவர். தாயாக மர்ட்டில் ஸ்டெட்மன். தந்தையாக ஃபிலிப்ஸ் ஸ்மாலி, இயக்குநர் லோயிஸ் வெபரின் முன்னாள் கணவர், தானும் இயக்குநர். பிறகு பென் லயன், சில்வியா பிரீமர், பெட்டி பிரான்சிஸ்கோ. பென் லயன்தான் பிற்பாடு ஃபாக்ஸில் அதிகாரியாக இருந்தபோது மர்லின் மன்றோவுக்கு அந்தப் பெயர் வரக் காரணமானவர்.

ஆளுக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோமா? பிழைத்திருக்கும் படங்களில் அவரைப் பார்த்து, பின்னாலிருந்து பார்த்தாலும் நடையை வைத்தே கண்டுபிடிக்கிற அளவுக்குப் பழகிக்கொள்வது. நான் மர்ட்டில் ஸ்டெட்மன். அந்தச் சாவுப் படுக்கைக் காட்சி கிடைத்தால் முதலில் தெரிவது அவர் முகமாகத்தான் இருக்கும்.

பதிவு 23 – மல்லிகைப்பந்தல்

எனக்கு ஃபிலிப்ஸ் ஸ்மாலி. லோயிஸ் வெபர் படங்களில் ஏற்கெனவே பழக்கம்.

பதிவு 24 – கறுப்புவெள்ளை

எலியட் டெக்ஸ்டர். 'டோன்ட் சேஞ்ச் யுவர் ஹஸ்பண்ட்' (1919) கைவசம் இருக்கிறது, இன்று இரவே தொடங்குகிறேன்.

பதிவு 25 – திரைத்தச்சன்

பென் லயன். எங்காவது மங்கிய பிரேம் கிடைத்தால் தெளிவாக்கும் வேலையும் என்னுடையது. புதிதாக எதையும் சேர்க்காமல்.

பதிவு 26 – ஆபரேட்டர்மகன்

எனக்குக் கண் பார்வை முன்போல் இல்லை தம்பி. முகம் வேண்டாம். யாராவது பிலிமின் ஓரத்தைப் படம் எடுத்துப் போட்டால் எனக்கு அனுப்புங்கள். கோடக் பிலிமாக இருந்தால் ஓரத்தில் சின்ன வடிவங்கள் அச்சாகியிருக்கும், வட்டம், சதுரம், முக்கோணம் என்று. எந்த வருடத்துப் பிலிம் என்பதை அதை வைத்துச் சொல்லிவிடலாம். அப்பா கற்றுக்கொடுத்தது.

பதிவு 27 – நிழல்நிலா

மில்டன் சில்ஸ் மீதி இருக்கிறாரா? நான் எடுத்துக்கொள்கிறேன். அவர் படம் எதிலிருந்து தொடங்கலாம்?

பதிவு 28 – வைகைக்கரை

'தி சீ ஹாக்' (1924). கடற்கொள்ளையர் கதை, முழுதாக இருக்கிறது. சில்ஸ் அதில் ஏறக்குறைய படம் முழுக்க வருவார்.